முதல் கட்டத்தில் அப்பா பெயர்

திண்டிவனம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அன்புச்செல்வி சித்திக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். கடைக் குப்பைக்கூடையில் போட வேண்டாம், அங்கே பாதி விழுப்புரம் வந்து போகும்.

நலமாக இருக்கிறீர்களா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம்.

நீங்கள் சித்தப்பா வீட்டைவிட்டு வந்து தனியாகக் கடை வைத்ததிலிருந்து உங்களோடு பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆறு வருடம் ஆகிறது. எங்கள் போன்களை வாங்கி அவ்வப்போது பார்ப்பார். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். என் வகுப்பில் படிக்கும் வெனிலாவின் அம்மா பாக்கியமேரி தினமும் ரயிலில் விழுப்புரம் வந்து கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறார். உங்கள் இ-சேவை மையம் எதிரிலேயே இருக்கிறதாம். அவருடைய சாப்பாட்டுப் பையில் இது வரும். பதிலையும் அப்படியே கொடுங்கள்.

விஷயம் இதுதான். குமரேசன் அண்ணன் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டான். அவனை அமெரிக்காவுக்கு அனுப்பி பிசினஸ் படிக்க வைக்க அப்பா முடிவு செய்துவிட்டார். அப்பாவின் உரக்கடைக்கு வரும் ஒருவருடைய மகன் போயிருக்கிறானாம். விண்ணப்பங்களை நான் எழுத வேண்டும். "பாப்பாதான் இங்கிலீஷைப் பொளந்து கட்டுதே, அது எழுதிக் குடுக்கட்டும்" என்றார். பாண்டிச்சேரி கன்சல்டன்சியில் இருபது கல்லூரிகளின் பெயர் கொடுத்தார்கள். அதில் நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? தப்பாகிவிட்டால் என் தலையில்தான் விழும்.

நீங்கள் ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்புகிறீர்கள். சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கலைப்பிரியா

*

விழுப்புரம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள கலைக்கு,

நான் நலம். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது. நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? உன் அம்மா, என் அக்கா, எப்படி இருக்கிறாள்?

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஆறு வருடத்தில் உன் கையெழுத்து மாறிவிட்டது. யாரோ என்று நினைத்தேன்.

அமெரிக்காவுக்கு இதுவரை நான் ஃபாரம் நிரப்பியதில்லை. ராத்திரியில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். கன்சல்டன்சி கொடுத்த பட்டியலை அப்படியே நம்பாதே. எந்தக் கல்லூரி அவர்களுக்குக் கமிஷன் தருகிறதோ அதுதான் முதலில் இருக்கும். நீயே ஒவ்வொன்றின் இணையதளத்துக்கும் போ. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை உண்டா, உண்டென்றால் முதல் வருடத்துக்கு மட்டுமா நான்கு வருடத்துக்குமா என்று பார். பிசினஸ் பள்ளிக்குத் தனியாகத் தரச்சான்று இருக்கிறதா என்று பார். வெறும் பிசினஸ் படித்தால் முடித்தபின் ஒரு வருடம்தான் அங்கே வேலை செய்யலாமாம். டேட்டா அனலிட்டிக்ஸ் சேர்ந்த படிப்பு சிலவற்றுக்கு மூன்று வருடம். கட்டட போட்டோவைப் பார்த்து மயங்காதே. எங்கள் ஜாதகக்காரர் பெண் பார்க்கக் காட்டும் போட்டோவும் அப்படித்தான் இருக்கும்.

முக்கியமாக, யார் போகப் போகிறார்களோ அவர்களைக் கேள்.

பத்திரம்.

உன் சித்தி,
அன்புச்செல்வி

*

திண்டிவனம்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள சித்திக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

அண்ணனைக் கேட்டேன். மொட்டை மாடியில் பைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எந்த ஊரு காலேஜு வேணும்ணா?"

"சோறு கிடைக்கிற ஊரா பாத்துப் போடு பாப்பா."

"நெஜமா கேக்கிறேன்."

"நெஜமாதான் சொல்றேன். நான் போனா பைக்கு உனக்குத்தான். ஓட்டிக்கினு சுத்து."

அவ்வளவுதான். நானே நான்கைத் தேர்ந்தெடுத்தேன். டெக்சாஸில் ஒன்று, இல்லினாய்ஸில் ஒன்று, நியூயார்க்கில் இரண்டு. நான்கிலும் தரச்சான்று பார்த்தேன். அப்பாவுக்கு நியூயார்க் என்ற பெயர் தெரிந்திருந்தது. அதனால் சரி என்றார்.

ஏன் பிசினஸ் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரை கேட்கிறார்கள். அண்ணனுக்காக எழுதிவிட்டேன். அப்பாவின் கடையில் தலைமைப் பண்பைக் கற்றுக்கொண்டதாக எழுதினேன். அவன் கடைக்குள் போனதே தீபாவளிக்கு மட்டும்தான்.

ஐந்தாவதாக ஒரு கல்லூரி இருக்கிறது. ஒஹாயோவில் சின்ன ஊர். பிசினஸில் விவசாயப் பொருள் வியாபாரத்தைத் தனிப் பாடமாக வைத்திருக்கிறார்கள். போட்டோவில் கட்டடத்துக்குப் பின்னால் வானம் வரைக்கும் சோளக்காடு. நான்கு வருடமும் பாதிக் கட்டணம் தள்ளுபடி செய்யும் உதவித்தொகை உண்டு. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. டிசம்பர் ஒன்றுக்குள் அனுப்ப வேண்டும்.

அது அண்ணனுக்கு இல்லை.

இப்படிக்கு,
கலைப்பிரியா

*

விழுப்புரம்
9 அக்டோபர் 2024

அன்புள்ள கலைக்கு,

நலம். உன் நலத்துக்கு அந்த மயிலம் முருகன் பொறுப்பு.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மார்க் ஷீட் நகல், பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியரின் பரிந்துரை, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், கட்டுரை. இவ்வளவையும் அனுப்பு. விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்டேன், செய்துவிட்டார்கள். கேட்டால் கொடுப்பார்கள் போலிருக்கிறது. இது எனக்கு இத்தனை வயதில்தான் தெரிகிறது.

உன் கடிதத்தோடு ஒரு டப்பாவில் கடலையும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த மல்லாட்டை உருண்டை இருந்தது. நன்றாக இருந்தது, பாகுதான் கொஞ்சம் முறுகிவிட்டது. நீ செய்தாயா?

அக்கா எப்படி இருக்கிறாள் என்று போன தடவையும் கேட்டேன்.

உன் சித்தி,
அன்புச்செல்வி

*

திண்டிவனம்
17 நவம்பர் 2024

அன்புள்ள சித்திக்கு,

நலமா? இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

எல்லாவற்றையும் இதோடு வைத்திருக்கிறேன். ஆங்கிலத் தேர்வை வெனிலா வீட்டு லேப்டாப்பில் எழுதினேன். ஒரு மணி நேரம் அறைக்குள் யாரும் வரக் கூடாது என்பது விதி. அவளுடைய அப்பா பாக்கியராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கோழியைக்கூட உள்ளே விடவில்லை. கட்டுரையை நீங்கள் படிக்க வேண்டாம், அப்படியே போட்டுவிடுங்கள். படித்தாலும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அதில் எங்கள் கடையில் உரம் வாங்கும் சின்னபொண்ணு அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறேன். நான் பத்தாவது படிக்கும்போது அப்பா இல்லாத நேரம் கடைக்கு வந்தார். மல்லாட்டை இலை மஞ்சளாகிறது, அந்தப் பெரிய பாட்டில் மருந்தைக் கொடு என்றார். அது வேண்டாம், இரும்புச் சத்துதான் குறைவு, அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். அப்பா வந்து திட்டினார். "வந்த ஏவாரத்தைத் தொரத்தி வுடுறியே, நீ எல்லாம் கடைப்பக்கம் வராத." அடுத்த விதைப்புப் பட்டத்துக்குச் சின்னபொண்ணு அக்கா இன்னும் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் ஏன் வந்தார்கள் என்று அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. நான் அதற்குப் பிறகு கடைக்குப் போகவில்லை.

என் பெயரை முழுதாக எழுத வேண்டிய இடங்களில் எழுதும்போது கை கூசியது. வீட்டில் எனக்குப் பாப்பா என்றுதான் பெயர். அப்பா என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பள்ளியில் சேர்த்த அன்று சொல்லியிருப்பார்.

நான் உருண்டை எதுவும் அனுப்பவில்லை.

இப்படிக்கு,
கலைப்பிரியா

*

விழுப்புரம்
14 டிசம்பர் 2024

அன்புள்ள கலைக்கு,

புயலில் நீங்கள் எல்லோரும் பத்திரம் என்று பாக்கியமேரி சொன்னார். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையாம். நல்லது.

இங்கே கடைக்குள் இடுப்பளவு. பிரின்டர் போய்விட்டது. ஜெராக்ஸ் மிஷினைத் திறந்தால் உள்ளே சேறு. நான்கு நாள் கரண்ட் இல்லை. ரயிலும் இல்லாததால் உனக்குச் சொல்ல முடியவில்லை.

உன் விண்ணப்பம் போய்விட்டது. புயல் கரையேறிய அன்று பகலில், கரண்ட் போய் யுபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும்போது நிரப்பினேன். அனுப்பு என்பதை அழுத்தினேன், கிடைத்தது என்று வந்தது, திரை அணைந்துவிட்டது. தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஈமெயில் என் கடைக்கு வரும். தபால் முகவரியாகவும் கடையைத்தான் கொடுத்தேன். நிரந்தர முகவரி என்று தனியாக ஒன்று கேட்டான், அதில் மட்டும் உங்கள் வீடு.

கட்டுரையைப் படித்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

உருண்டை இந்த முறையும் வந்தது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று இனி கேட்க மாட்டேன்.

உன் சித்தி,
அன்புச்செல்வி

*

திண்டிவனம்
12 ஜனவரி 2025

அன்புள்ள சித்திக்கு,

பொங்கல் வாழ்த்துகள். கடையைச் சரிசெய்துவிட்டீர்களா? நாங்கள் நலம்.

அண்ணனுக்கு மூன்று கல்லூரிகள் இல்லை என்று சொல்லிவிட்டன. நியூயார்க்கில் ஒன்று மட்டும் பாக்கி. ஒவ்வொரு ஈமெயிலையும் நான்தான் அப்பாவுக்குத் தமிழில் படித்துச் சொல்கிறேன். "வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்" என்று மூன்று முறை சொன்னேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான்தான் அனுப்பியதுபோல.

"நீ ஒழுங்கா எழுதுனியா பாப்பா?"

"எழுதுனேம்பா."

அண்ணன் குறுக்கே வந்து, "அவன் என் அரியர் லிஸ்டைப் பாத்துட்டு பேஜாராயிருப்பான்பா, பாப்பாவை ஏன் கேக்கிற" என்றான்.

சித்தி, அவனுடைய கட்டுரையை ஒரே மாலையில் எழுதினேன். என்னுடையதை ஏழு வாரம் எழுதினேன். வேண்டுமென்று செய்யவில்லை. செய்தேனா என்று தெரியவில்லை. யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போன கால்மேல் யாரோ நிற்பதுபோல இருக்கிறது.

இப்படிக்கு,
கலைப்பிரியா

*

விழுப்புரம்
26 ஜனவரி 2025

அன்புள்ள கலைக்கு,

நலம். பரீட்சைக்குப் படிக்கிறாயா?

நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். ஒஹாயோவிலிருந்து ஈமெயில் வந்தது. ஆவணங்கள் கிடைத்தனவாம். "அன்புள்ள சீனுவாசன்" என்று ஆரம்பிக்கிறது. உன் அப்பா பெயர் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று திகைத்தேன். பிறகு ஃபாரத்தைத் திறந்து பார்த்தேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு முதலில் வருவது இனிஷியல்தானே? சீ. கலைப்பிரியா. அந்த அவசரத்தில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. முதல் கட்டத்தில் சீனுவாசன், கடைசியில் கலைப்பிரியா. அவர்களுக்கு முதல் பெயர் என்றால் கூப்பிடும் பெயராம். ஆகவே அங்கே நீ சீனுவாசன்.

ஆறு வருடமாக ஃபாரம் நிரப்புகிறேன். யார் பெயரையும் மாற்றிப் போட்டதில்லை.

திருத்தச் சொல்லி எழுதினேன். சேர்க்கை கிடைத்தால் பாஸ்போர்ட் வந்தபின் திருத்தலாம், இப்போது ஒன்றும் பாதகமில்லை என்று பதில் வந்தது. அதனால் கவலைப்படாதே.

உன் சித்தி,
அன்புச்செல்வி

*

திண்டிவனம்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலம் என்று நம்புகிறேன்.

வியாழக்கிழமை தபால்காரர் நடராசன் வீட்டுக்கு வந்தார். அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். எனக்குப் படிப்பு விடுமுறை.

"சார், அமெரிக்காலேர்ந்து உங்க பேருக்கே வந்துருக்குது. கையெழுத்து போடுங்க."

உறைமேல் சீனுவாசன் கே. என்று இருந்தது. அப்பா கை கழுவாமலே பிரித்தார். உள்ளே ஒஹாயோ கல்லூரியின் தடித்த அட்டை. "வாழ்த்துகள், சீனுவாசன்!" என்று பெரிய எழுத்தில். கீழே, பிசினஸ் பள்ளியில் இடம், நான்கு வருடமும் பாதிக் கட்டணம் தள்ளுபடி, மே ஒன்றுக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு எண். வேறு பெயர் எதுவும் இல்லை.

அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். "எம் பேரைப் போட்டுல்ல வாழ்த்துறான்! எங்கியோ இருக்கிற வெள்ளைக்காரனுக்கு திண்டிவனம் சீனுவாசனைத் தெரியுது பாரு! கே-ன்னா குமரேசன். எம் புள்ளைக்கு சீட்டு குடுத்துட்டான்டி புனிதா!"

அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சோறு ஆறுது" என்றாள்.

அண்ணன் என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஏய், ஒஹாயோவுக்கு நாம போடவே இல்லியே?"

"கடைசியில ஒண்ணு சேத்துப் போட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா நீ சரின்னுதான் சொல்லியிருப்ப."

"அதுவும் சரிதான்" என்றான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

இடம் கிடைத்தால் அண்ணனுக்கு மொட்டை போடுவதாக அப்பா வேண்டிக்கொண்டிருந்தாராம். வெள்ளிக்கிழமை எல்லோரும் மயிலம் போனோம். என் இடத்துக்கு அண்ணன் மொட்டை அடித்துக்கொண்டான். நான் அவன் செருப்பையும் சட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. அழவும் வரவில்லை. அண்ணனின் தலையில் வெயில் பட்டு மின்னியது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டைக்கு விபூதி பூசி உரக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாம், "என்னா சீனுவாசன், நீயா படிக்கப் போற?" என்று கேட்கிறார்கள். அப்பா சிரிக்கிறார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அண்ணன் என்றால் பணம் கட்டுவார். நான் என்றால் கட்டுவாரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
கலைப்பிரியா

*

விழுப்புரம்
9 மார்ச் 2025

அன்புள்ள கலைக்கு,

நன்றாகப் பரீட்சை எழுது. மற்றதெல்லாம் பிறகு.

அட்டையை மட்டும் நிரந்தர முகவரிக்கு அனுப்பிவிட்டார்கள்; ஈமெயிலில் முழுப் பெயரோடு கடிதம் வந்திருக்கிறது. இடம் உன்னுடையது. குமரேசன் அதில் போக முடியாது. விசாவுக்கான தாள் கலைப்பிரியா என்றுதான் வரும். மறைத்தால் நாள்தான் தள்ளிப்போகும்.

பாதிக் கட்டணம் போக மீதிக்கு வழி என்ன என்று எனக்கும் தெரியாது. அங்கேயே வேலை கொடுத்துக் கொஞ்சம் கழிப்பார்களாம், கேட்டு எழுதியிருக்கிறேன். ஒரு வருடம் தள்ளிச் சேரவும் விடுவார்களாம். ஆனால் மே ஒன்றுக்குள் உறுதிசெய்தால்தான் இதெல்லாம். உறுதிசெய்யும் பொத்தான் என் திரையில் இருக்கிறது. நான் அழுத்த மாட்டேன். நீ சொன்னால் அழுத்துவேன். ஒரு சொல் எழுதி அனுப்பு, போதும்.

எனக்கும் பதினெட்டு வயதில் ஒரு தபால் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு. அதை வாங்கி யார் வைத்துக்கொண்டார்கள் என்று எழுத மாட்டேன். அவள் இப்போது உருண்டை அனுப்புகிறாள்.

உன் சித்தி,
அன்புச்செல்வி

*

திண்டிவனம்
5 ஏப்ரல் 2025, இரவு

அன்புள்ள சித்திக்கு,

அழுத்திவிடுங்கள்.

இதை முதலிலேயே எழுதிவிட்டேன். நலம் விசாரிக்கக்கூட நிற்கவில்லை, மன்னியுங்கள். பிறகு எழுத நேரம் இருக்குமோ என்னவோ.

பரீட்சை முடிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைத்தேன். இரவு வரும்போது சொல்லாமல் இருந்தேன். நியூயார்க்கும் இல்லை என்று வந்துவிட்டது. அதைப் படித்துச் சொன்னபோது, "அது எதுக்கு, நமக்குத்தான் ஒண்ணு கீதே" என்றார் அப்பா.

இன்று காலை அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு அப்பாவும் அண்ணனும் பாண்டிச்சேரி கன்சல்டன்சிக்குப் போனார்கள். அதில் இருக்கும் எண்ணைப் போட்டால் எல்லாத் தாளையும் எடுத்துவிடலாம் என்று போனில் சொன்னார்களாம்.

நேற்று மாலை அண்ணன் என் அறைக்கு வந்தான்.

"பாப்பா, விசா ஆபீசுல கேட்டா சொல்லணுமாம். அந்த ஒஹாயோ கட்டுரையில நான் என்னா எழுதியிருக்கேன்?"

சொன்னேன். சின்னபொண்ணு அக்கா, மஞ்சள் இலை, அன்னபேதி, பதினோரு பேர், எல்லாவற்றையும். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். நான் முடித்தபிறகும் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"இது நீதானே?" என்றான்.

நான் அவன் மொட்டையைப் பார்த்தேன்.

"முடி வளந்துடும். வுடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். காலையில் கிளம்பும்போது பைக் சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார்கள். மாலை ஆகியும் வரவில்லை. இரண்டு பேருடைய போனும் எடுக்கவில்லை. அம்மா அடுப்படியில் வெல்லம் காய்ச்சுகிறாள். இந்த நேரத்தில் எதற்கு என்று கேட்டேன். "திங்கக்கிழமை பாக்கியமேரி வேலைக்குப் போவாங்க இல்ல?" என்றாள். திரும்பிப் பார்க்காமலே, "எழுதுறதை ஜல்தியா எழுதி முடி. டப்பாவுல அடியில வெச்சுடு" என்றாள். ஆகவே என்ன ஆனாலும் இந்தத் தாள் உங்களுக்கு வந்துவிடும். இந்த முறையும் பாகு முறுகிவிட்டது. வாசனை இங்கே வரைக்கும் வருகிறது.

மணி பத்தேகால். கேட் திறக்கிற சத்தம். செருப்பைக் கழற்றுகிறார்கள். அம்மா, "சாப்பாடு வெக்கட்டா?" என்று கேட்கிறாள். ஏதோ காகிதம் சரசரக்கிறது. அண்ணன் மெதுவாக, "அப்பா, வேணாம்பா, காலையில பேசிக்கலாம்" என்கிறான். நடை என் அறைப் பக்கம் வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் அது வேறு யாருடைய பயமோ போல

கதவைத் தட்டுகிறார். பாப்பா என்று கூப்பிடவில்லை. தாளைப் பார்த்துப் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சீனுவாசன் கலைப்பிரியா என்று